விரலால் படித்தோரும் விழியால் கேட்டோரும்

பொருநை என்று புலவர் போற்றிய தாமிரபரணி, பொதிகை மலையில் தோன்றி, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இரு கரையிலும் வைத்துக்கொண்டு கிழக்கே கடலை நோக்கிச் செல்கிறது. அதன் கீழ்ப் பகுதியில் ஒன்றற்கொன்று அண்மையில் அமைந்த ஊர்கள் இரண்டு. ஒன்று ஸ்ரீவைகுண்டம், மற்றொன்று ஆழ்வார்திருநகரி எனப்படும் திருக்குருகூர். இவ்விரண்டு ஊர்களும் பேசாத குழந்தைகளின் வரலாற்றைப் போற்றி வைத்திருக்கின்றன என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

நம்மாழ்வார் பிறந்த நாள் முதல் பதினாறு ஆண்டுகள் பேசாமல், புளியமரத்தடியில் அமர்ந்திருந்தார் என்பது வைணவ மரபு. திருக்கோளூர் மதுரகவி வந்து ஒரு வினாவை எழுப்பிய பிறகே அவர் வாய் திறந்தார் என்பர். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை. பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டு சென்று வேண்டினர். முருகன் அருளால் பேச்சு வந்தது. வந்த உடனே கந்தர் கலிவெண்பா பாடினார் என்று அவர் வரலாறு கூறுகிறது.

பக்தர்களுக்கு இவை அருளின் வரலாறுகள். அதில் நான் குறுக்கிடப் போவதில்லை. வரலாறு படிக்கிறவனுக்கு வேறொரு கேள்வி எழுகிறது. இதே ஆற்றங்கரையில், இதே நூற்றாண்டுகளில், பேச்சு வராமலேயே வளர்ந்து முதிர்ந்த மற்றப் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மதுரகவியைப் போல, அருகில் வந்து அமர்ந்து, 'இவனுக்குள் என்ன இருக்கிறது?' என்று அறிய முயன்றவர்கள் அவர்களுக்கு எப்போது கிடைத்தார்கள்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

பார்வை இல்லாதவர்களை நம் முன்னோர் அறவே ஒதுக்கிவிட்டனர் என்று சொல்ல முடியாது. அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் புலமையைத் தமிழகம் கொண்டாடியது. நடக்க இயலாத ஒருவரும் பார்வையற்ற ஒருவரும் இணைந்து பாடித் திரிந்த இரட்டைப்புலவரையும் நாம் அறிவோம். கேட்டு மனனம் செய்வதே கல்வியாக இருந்த காலத்தில், காது நன்றாகக் கேட்கும் ஒருவர் கண் இல்லாமலும் புலவராக முடிந்தது. ஆனால் அது ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்த்த வாழ்வு. ஏனையோர் கோயில் வாசலிலும் சந்தை முனையிலும் கையேந்தினர். அல்லது வீட்டு மூலையில் அமர்ந்திருந்தனர். காது கேளாதவர் நிலை இன்னும் கடினமானது. கேட்டுக் கற்கும் உலகில் கேளாதவருக்கு இடமே இல்லை. அச்சு வந்து, பள்ளிக்கூடம் வந்து, படிப்பு என்பது கண்ணால் பார்க்கும் தாளுக்கு மாறியபோது, பார்வையற்றவருக்கு முன்பிருந்த சிறு வாயிலும் அடைபட்டது. புதிய கல்வி தான் திறந்ததைப் போலவே சிலவற்றை மூடவும் செய்தது. அதை நாம் அதிகம் பேசுவதில்லை.

ஆங்கிலேய அரசு இவர்களை எண்ணியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1931 வரை நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பார்வையற்றோர், செவிட்டூமையர், மனநலம் குன்றியோர், தொழுநோயாளர் என்று பட்டியலிட்டார்கள். எண்ணியதோடு சரி. பள்ளி வைக்க வேண்டும் என்னும் எண்ணம் முதலில் அரசுக்கு வரவில்லை.

வந்தது பாளையங்கோட்டையில். ஏன் சென்னையில் வராமல் இங்கே வந்தது? இது ஆராயத் தக்க கேள்வி. 1820-இல் ரேனியஸ் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் இவ்வூருக்கு வந்தது முதலே, திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்களில் சிறு சிறு பள்ளிகள் வலை போலப் பரவத் தொடங்கின. பள்ளி பரவினால் ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் வேண்டுமானால் பயிற்சிப் பள்ளி வேண்டும். வெளியூர்ப் பிள்ளைகள் தங்க விடுதி வேண்டும். பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிக்கு எழுந்தது சாரா டக்கர் நிறுவனம். அதன் பெயருக்கு உரிய சாரா டக்கர் இந்திய மண்ணை மிதித்ததே இல்லை. அவர் உடற்குறை உடையவராய் வீட்டோடு இருந்தவர் என்பது அந்நிறுவன வட்டாரத்தில் வழிவழியாக வழங்கும் செய்தி. இங்குள்ள பெண்கள் படிக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் இருந்தபடியே உழைத்தார். 1895-இல் அந்நிறுவனத்திலிருந்து கல்லூரி கிளைத்தது.

பயிற்சி பெற்ற பெண் ஆசிரியர்கள், விடுதி நடத்திப் பழகியவர்கள், பிள்ளைகளை ஊர்விட்டு ஊர் அனுப்பப் பழகிய பெற்றோர்கள் என்னும் மூன்றும் ஒரே ஊரில் கூடியிருந்தன. சிறப்புப் பள்ளிக்கு இவைதாம் அடிப்படை. பார்வையற்ற பிள்ளை ஓர் ஊரில் ஒருவர்தாம் இருப்பார். பத்துப் பேரை ஒரு வகுப்பில் சேர்க்க நாற்பது ஊர்களிலிருந்து அழைத்துவர வேண்டும். விடுதி இல்லாமல் இது நடவாது. நல்லெண்ணம் மட்டும் இருந்த ஊர்கள் பல. ஏற்பாடும் இருந்த ஊர் பாளையங்கோட்டை.

1890-இல், சாரா டக்கர் நிறுவனத்தோடு தொடர்புடைய அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கான பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் இவ்வகைப் பள்ளிகளில் முதலாவது, 1887-இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் அம்மையார் நிறுவியது. மூன்றே ஆண்டுகளில் பொருநைக் கரையும் தொடர்ந்தது. இவர்களுக்குச் சமயம் பரப்பும் நோக்கமும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு எழுத்தைக் கொடுத்துவிட்டால், அந்த எழுத்தைக்கொண்டு அவன் எதைப் படிப்பான் என்பது கொடுத்தவர் கையில் இல்லை.

அந்த எழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். லூயி பிரெய்ல் 1809-இல் பிரான்சு நாட்டில், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கூரிய கருவி ஒன்றை எடுத்து விளையாடியபோது கண்ணில் குத்திக்கொண்டார். நாளடைவில் இரு கண்களும் போயின. அவர் 1829-இல் வெளியிட்ட முறையில் ஒவ்வோர் எழுத்தும் ஆறு புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்துக்குள் அடங்கும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று. வலப்பக்கம் நான்கு, ஐந்து, ஆறு. இவற்றுள் எந்தெந்தப் புள்ளி மேடாக இருக்கிறது என்பதை விரல் நுனி உணரும். இப்படி அமைக்கக்கூடிய வடிவங்கள் மொத்தம் 63.

நம் தமிழ் எழுத்துகளோ 247. அறுபத்து மூன்றில் இருநூற்று நாற்பத்தேழு எப்படி அடங்கும்? விடை நம் இலக்கணத்திலேயே இருந்தது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. மற்ற 216 உயிர்மெய்களும் இவற்றின் கூட்டமே. எனவே அடிப்படை எழுத்துகளுக்குப் புள்ளிகளை வகுத்துக்கொண்டால் போதும். பிரெய்லில் இன்று 'க' என்பதற்கு ஒன்றாம் புள்ளியும் மூன்றாம் புள்ளியும். 'இ' என்பதற்கு இரண்டும் நான்கும். முதலில் 'க'வின் கட்டம், அடுத்து 'இ'யின் கட்டம்; 'கி' ஆகிவிட்டது. புள்ளி பெற்ற மெய்யை எழுத, அதற்கு முன்னால் நான்காம் புள்ளி ஒன்றைத் தனியே இட வேண்டும்.

இதில் ஓர் அழகு உண்டு. பார்வையுள்ள பிள்ளை 'கெ' என்று எழுதும்போது ஒற்றைக் கொம்பை முதலில் போட்டுவிட்டு அதன்பின் ககரத்தை எழுதுகிறது. காதில் விழும் ஒலியின் வரிசை அதுவன்று. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் காலம் முதல் நாம் அறிந்த செய்தி. பிரெய்லில் எழுதும் பிள்ளை ககரத்தை முதலில் இட்டு எகரத்தை அடுத்து இடுகிறது. இலக்கணம் எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுதுகிறது.

இன்னொன்று. பிரெய்ல் எழுதும் கருவி கூரிய முனையுடைய சிறு ஆணி. பலகையில் தாளைப் பொருத்தி, ஆணியால் குத்தி எழுத வேண்டும். பனை நிறைந்த நெல்லைச் சீமைக்கு எழுத்தாணி புதிதன்று. ஓலையில் எழுத்தாணியால் கீறியே நம் முன்னோர் நூல்களைக் காத்தனர். ஓலை கிழிந்துவிடும் என்று அவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைப்பதில்லை. இங்கே புள்ளிகளைத் தவிர வேறெதுவும் இல்லை! தாளின் ஒரு பக்கம் குத்தினால் மறுபக்கம் மேடு எழும்; ஆகவே வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தையும் இடவல மாறாகக் குத்தி, பின்பு தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். பார்வையுள்ள நாம் இதை ஒரு மணி நேரம் முயன்றாலே அந்தப் பிள்ளைகளின் உழைப்பு விளங்கும்.

தமிழுக்குப் புள்ளி வகுக்கும் முயற்சி ஒரே நாளில் முடியவில்லை. இந்திய மொழிகளுக்கு அங்கங்கே வெவ்வேறு முறைகள் தோன்றின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோல்ஸ், கார்த்வெயிட் என்னும் இருவர் கீழ்த்திசை மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு முறையை முன்வைத்தனர். ஒரு பள்ளியில் கற்றவர் மற்றொரு பள்ளியின் புத்தகத்தைப் படிக்க முடியாத நிலை நெடுங்காலம் நீடித்தது. விடுதலைக்குப் பிறகு, 1951-இல்தான் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு பெய்ரூட் நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு பல நாட்டு மொழிகளின் பிரெய்ல் முறைகளை ஒழுங்குபடுத்த முனைந்தது. இதனால் தமிழ் 'க'வும் இந்தி 'க'வும் விரலுக்கு ஒன்றே ஆயின. கண்ணால் படிக்கிறவர்களுக்கு இந்த வசதி இல்லை.

இனி, செவிப்புலன் குறைந்தோர் பள்ளிக்கு வருகிறேன். பம்பாயில் 1880-களிலும், கல்கத்தாவில் 1893-லும் காது கேளாதோர்க்குப் பள்ளிகள் எழுந்தன. அவற்றை அடுத்து, மூன்றாவதாக, பாளையங்கோட்டையில் 1890-களில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி வந்தது. அந்நாளில் அதனை ஊமையர் பள்ளி என்றே ஊர் அழைத்தது. பெயரிலேயே பிழை இருந்தது. காது கேளாத பிள்ளைகளில் பெரும்பாலோர்க்குக் குரல்வளையிலோ நாவிலோ ஒரு குறையும் இல்லை. கேட்டதில்லை; ஆகவே பேசக் கற்றதில்லை. அவ்வளவே.

இவர்களுக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதில் உலகமே இரு கட்சியாகப் பிரிந்திருந்தது. பாரிசில் பதினெட்டாம் நூற்றாண்டில் லெப்பே என்னும் பாதிரியார் சைகையைக் கல்விக்குக் கருவியாக்கினார். ஜெர்மனியில் ஹைனிக்கே என்பார், சைகை வேண்டா, வாய்ப்பேச்சே வேண்டும் என்றார். 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது என்று தீர்மானித்தது. அதன்பின் பல நாடுகளில் சைகை செய்த பிள்ளைகளின் கைகளைக் கட்டிவைக்கும் வழக்கம்கூட ஏற்பட்டது. மாநாட்டில் வாக்களித்தவர்களுள் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காற்று வீசிய காலத்திலும் பாளையங்கோட்டைப் பள்ளியில் சைகைக்கும் விரலெழுத்துக்கும் இடம் இருந்தது. ஸ்வெயின்சன் அம்மையார் மாநாட்டுத் தீர்மானத்தை விடத் தம் முன் அமர்ந்திருந்த பிள்ளைகளை அதிகம் நம்பினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாய்ப்பேச்சு முறையின் கடினம் தமிழில் எப்படி என்று பாருங்கள். கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் 'படம்' என்று சொல்லுங்கள். பிறகு 'மடம்' என்று சொல்லுங்கள். உதடுகள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். 'பாடு' என்பதும் 'மாடு' என்பதும் அப்படியே. இரண்டும் மேலிதழும் கீழிதழும் பொருந்தப் பிறப்பவை என்று நன்னூலாரும் ஒரே இடத்தில் வைத்தார். வேறுபாடு மூக்கில் இருக்கிறது. ஆகவே ஆசிரியர் பிள்ளையின் விரலைத் தம் மூக்கின்மேல் வைத்து மகரத்தைச் சொல்வார், அதிர்வு தெரியும். பகரத்தைச் சொன்னால் அது தெரியாது. ககரமோ நாவின் அடியில் பிறப்பது; உதட்டைப் பார்த்து அறியவே முடியாது; தொண்டையில் கைவைத்தும், வாய்முன் காற்றை உணர்ந்தும் கற்க வேண்டும். கல்லூரி மாணவர் பலருக்குத் தேர்வோடு மறந்துபோகும் எழுத்துப் பிறப்பியல், அந்த வகுப்பறையில் நாள்தோறும் உயிரோடு பயன்பட்டது.

இவ்வளவு பாடுபட்டும் அக்காலத்தில் இப்பள்ளிகளின் மாணவர்கள் எதுவரை படித்தார்கள்? பெரும்பாலும் தொடக்கக் கல்வி, அதன்பின் கைத்தொழில். காது கேளாதோர் பள்ளியின் பழைய பெயரிலேயே தொழிற்பள்ளி என்பதும் சேர்ந்திருந்தது. தொழில் கற்பித்தது தவறன்று. பிச்சை எடுக்க வேண்டியவர் தம் கையால் உண்டார். ஆயினும் 'இவர்களுக்கு இவ்வளவு போதும்' என்னும் கோடு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் விழுந்துவிட்டது. 1911 முதல் சென்னை மாகாணத்தில் பள்ளி இறுதித் தேர்வுச் சான்றிதழே அரசு வேலைக்கும் கல்லூரிக்கும் திறவுகோலாயிற்று. அந்தத் திறவுகோல் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருந்தது.

கோட்டை அழிப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1944-இல் வெளிவந்த சார்ஜெண்ட் கல்வி அறிக்கை, உடற்குறையுடைய பிள்ளைகளின் கல்வியும் அரசின் பொறுப்பே என்றது. (இவர் கல்வி ஆலோசகர் ஜான் சார்ஜெண்ட்; நெல்லையில் பெயர் பெற்ற பேராயர் எட்வர்டு சார்ஜெண்ட் வேறு.) 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழு, இயன்றவரை இவர்கள் மற்றப் பிள்ளைகளோடு பொதுப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்றது. 1974-இல் நடுவணரசு அதற்கென ஒரு திட்டம் வகுத்தது. 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கென்றே தனித் திட்டம் வர 2009 ஆயிற்று. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளை ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 21 ஆக்கியது. ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. எழுத்துகள் இடம் மாறித் தோன்றி, படிக்கத் திணறும் பிள்ளையும் இப்போது இந்தப் பட்டியலில் உண்டு. 1890-இல் அந்தப் பிள்ளைக்குப் பெயரே கிடையாது. 'மக்கு' என்ற ஒரு பெயரைத் தவிர.

பாளையங்கோட்டையின் இரு பள்ளிகளும் இதற்கிடையே வளர்ந்து மேல்நிலைப் பள்ளிகளாயின. அவற்றில் படித்தோர் அரசுத் தேர்வை எழுதுகின்றனர். அந்தத் தேர்வில் இவர்களுக்குச் சில சலுகைகள் உண்டு. கூடுதலாக ஒரு மணி நேரம். பார்வையற்றவர்க்குச் சொல்வதை எழுதுபவர். காது கேளாதவர்க்கு இரு மொழிப் பாடங்களுள் ஒன்றிலிருந்து விலக்கு. இவை நியாயமானவை, வேண்டியவை. இவற்றைப் பெற்றோர் போராடியே பெற்றனர். ஆயினும் இங்கே நின்று சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. நான் இன்று பேச வந்ததற்கே அது ஒரு காரணம்.

தேர்வுக் கூடம் ஒன்றில் நான் கண்ட காட்சியைச் சொல்கிறேன். பார்வையற்ற மாணவி ஒருத்தி விடை சொல்லிக்கொண்டிருந்தாள். அருகில் அமர்ந்தவர் எழுதிக்கொண்டிருந்தார். அவள் திடீரென நிறுத்தி, "ஐயா, 'அரம்' இல்லை, 'அறம்'. வல்லின ற போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். எழுதியவர் திடுக்கிட்டுத் திருத்தினார். அவள் பிரெய்லில் படித்தவள். பிரெய்லில் ரகரத்துக்கும் றகரத்துக்கும், லகர ளகர ழகரங்களுக்கும் தனித்தனிப் புள்ளிகள் உண்டு. அவை அவள் விரலில் பதிந்திருந்தன. நம் நெல்லைப் பேச்சில் ரகர றகர வேறுபாடு பெரும்பாலும் ஒலிப்பதில்லை. ஒலிப்பதிவை மட்டும் கேட்டுப் படிக்கும் மாணவருக்கு அந்த வேறுபாடு எங்கிருந்து வரும்?

இன்று கைப்பேசி புத்தகத்தைப் படித்துக் காட்டுகிறது. இது பெருங்கொடை. பிரெய்லில் அச்சிட்டால் ஒரு பாடநூல் பல தொகுதிகளாகிப் பெட்டியை நிரப்பும். கைப்பேசியில் நூலகமே அடங்கும். அதற்காகப் பிரெய்ல் இனி வேண்டா என்று சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். நான் உடன்பட மாட்டேன். பார்வையுள்ள பிள்ளைக்கு 'வானொலி இருக்கிறது, எழுத்து எதற்கு?' என்று நாம் சொல்வோமா? கேட்கிறவன் செய்தியை அறிவான். எழுத்தைத் தொட்டவனே எழுதவும் செய்வான்.

மொழி விலக்கும் இத்தகையதே. காது கேளாத மாணவர் தமிழில் தடுமாறுவது அறிவுக் குறையால் அன்று. 'பள்ளிக்குப் போனேன்', 'பள்ளியிலிருந்து போனேன்' என்னும் வேறுபாட்டை மற்றப் பிள்ளைகள் தாய் மடியில் நாளுக்கு நூறு முறை கேட்டே பெறுகின்றனர். வேற்றுமை உருபு சைகையில் வேறு வகையாகப் புலப்படும். ஆகவே எழுதும்போது 'நான் பள்ளி போனேன்' என்று வருகிறது. ஒரு தாளிலிருந்து விலக்களித்தால் அந்தத் தேர்வு எளிதாகும். ஆனால் வேற்றுமை உருபு வந்துவிடாது. அதைக் கற்பிக்கச் சைகை அறிந்த ஆசிரியர் வேண்டும். விலக்கு ஆணை ஒரு தாளில் கையொப்பமிட்டால் முடிந்துவிடும். ஆசிரியரை உருவாக்க ஆண்டுகள் ஆகும். நாம் எப்போதும் விரைவில் முடிவதை முதலில் செய்துவிட்டு, மற்றதை மறந்துவிடுகிறோம்.

பொதுப் பள்ளியில் சேர்ந்த மாணவர்க்கு உதவச் சிறப்பாசிரியர்கள் உள்ளனர். ஒருவரே பல பள்ளிகளுக்குச் சென்றுவர வேண்டியிருக்கிறது. உயர்நிலை வகுப்புகளில் இத்தகைய 15 மாணவர்க்கு ஒரு சிறப்பாசிரியர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியது. அந்த விகிதம் அஸ்க்வித் அம்மையாருக்கு வியப்பாக இருந்திராது; பிள்ளையின் விரலைப் பிடித்துக் கற்பிக்கும் வகுப்பில் அதற்குமேல் இயலாது என்பது கற்பித்தவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு நேரம் வெளியிலிருந்து வந்து கை கொடுத்தவர்களைப் பற்றியே பேசினேன். இப்பள்ளத்தாக்கில் வேறொரு வரலாறும் உண்டு. குற்றாலத்துச் சாரலில் பிறக்கும் சிற்றாறு, அனுமன் நதியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அனுமன் நதிக் கரையில் உள்ள ஊர் ஆய்க்குடி. அந்நாளில் நெல்லை மாவட்டம், 2019 முதல் தென்காசி மாவட்டம். அவ்வூரைச் சேர்ந்த இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் பெங்களூரில் கடற்படை அதிகாரி தேர்வுக்குச் சென்றார். அங்கு நேர்ந்த விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். ஊர் திரும்பிய அவர், 1981-இல், ஐக்கிய நாடுகள் அவை உடற்குறையுடையோர் ஆண்டாக அறிவித்த அதே ஆண்டில், அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 'அமர்' என்பது தமக்கு மருத்துவம் செய்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரிலிருந்து எடுத்தது. சிறு கீற்றுக் கொட்டகையில் பள்ளி எழுந்தது. தசை நலிவு நோயுடைய சங்கர ராமன் 1990-களில் அவரோடு இணைந்தார். இருவரும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அதனைப் பெரும் நிறுவனமாக்கினர். 2020-இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது.

இங்கே நடத்துகிறவரும் நடத்தப்படுகிறவரும் என்னும் பிரிவு நீங்கிவிட்டது. நடக்க இயலாத பிள்ளைக்கு எந்தப் படி தடையாகும், எந்த மேசை உயரம் கூடுதல் என்பதை அங்கே யாரும் நூலில் பார்த்து அறிய வேண்டியதில்லை. உடற்குறையுடைய பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளியையும் அவர்கள் நடத்துகின்றனர். பெயரும் இக்காலத்தில் மாறியது. ஊனமுற்றோர் என்று அரசு ஏடுகளில் இருந்த சொல் போய், 2010-ஐ ஒட்டி மாற்றுத்திறனாளிகள் என்னும் சொல் தமிழகத்தில் நிலைபெற்றது. சொல் மாறுவது சிறு செயல் என்று எண்ண வேண்டா. ஊமையர் பள்ளி என்னும் பெயர்ப்பலகையின்கீழ் தினமும் நுழைந்த பிள்ளையைக் கேட்டால் தெரியும்.

சைகை மொழிக்கும் இப்போது காலம் திரும்பியிருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் அறிஞர் சிலர் இந்தியப் பெருநகரங்களில் காது கேளாதோர் வழங்கும் சைகைகளை ஆராய்ந்தனர். ஊருக்கு ஊர் சொற்கள் வேறுபட்டாலும் இலக்கணம் ஒன்றே என்றும், அது தனி மொழியே என்றும் கண்டனர். 2015-இல் புதுதில்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைந்தது. அது 2018-இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. பள்ளிப் பாடநூல்களைச் சைகை மொழிக்கு மாற்றும் உடன்பாடும் 2020-இல் ஏற்பட்டது. மிலான் மாநாட்டுத் தீர்மானத்துக்கு வருந்துவதாக, 2010-இல் வான்கூவர் நகரில் கூடிய அதே மாநாட்டின் வழித்தோன்றல்கள் அறிவித்தனர். நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து!

அகராதி தில்லியில் அச்சாகிறது. ஆனால் பாளையங்கோட்டையின் விடுதி முற்றத்தில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, மூத்த மாணவர் இளைய மாணவர்க்குக் கைமாற்றிய சைகைகள் உண்டு. நாற்பது ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள் வீட்டில் தாயோடு பேசிய சைகைகளைக் கொண்டுவந்து கலந்து வளர்த்தவை அவை. அவற்றை அறிந்த முதியவர்கள் இன்னும் நெல்லைச் சீமையில் வாழ்கின்றனர். கல்லூரியில் வரலாறோ மொழியியலோ படிக்கும் உங்களில் யாரேனும் ஒருவர், ஒரு படக்கருவியை எடுத்துக்கொண்டு அவர்களிடம் செல்லலாம். ஆற்றுக்கு, பனைக்கு, பள்ளி மணிக்கு அவர்கள் இளமையில் என்ன சைகை செய்தார்கள் என்று கேட்கலாம். நேரம் எடுத்துக்கொண்டு பதில் சொல்வார்கள்.